நீலம் பூசிய ராணுவ லாரி

சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு அவர் வண்டிக்கு முன்னால் போய் நிற்பார். கைகள் முதுகுக்குப் பின்னால், பார்வை முன்விளக்கின் மேல். சாவி திரும்பும்போது விளக்கு அணைந்தால் பேட்டரியில் கோளாறு. மங்கினால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் திணறுகிறது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. வந்தவர்கள் தங்கள் ஊகங்களை அவிழ்த்துவிட ஆரம்பித்தால், "கொஞ்சம் இருங்க, அதுவே சொல்லும்" என்பார். இதனாலேயே எங்கள் தெருவில் அவர் பெயர் விளக்குக்காரர். அவருடைய மெக்கானிக் பட்டறைக்கு எதிரே கண்ணாடி வெட்டும் கடை என்னுடையது என்பதால் தினமும் எனக்கு இந்தத் தரிசனம் உண்டு.

ஒல்லியான மனிதர். டீயை ஆறவிட்டு, ஆறிப்போச்சே என்று குறைபட்டுக்கொண்டே குடிப்பார். கழற்றிய நட்டுகளை வாயில் அடக்கிக்கொள்வதால் எதைக் கேட்டாலும் "ம்" என்ற பதில்தான் வரும். தங்கள் வீட்டில் சண்டை வராததற்கு அந்த நட்டுகளே காரணம் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மனைவி லாரி ஓட்டுகிறார். ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய வண்டி. இருவரும் சேர்ந்து வாங்கியது. பச்சை நிறத்தோடு சரக்கு எடுக்கப் போனால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னார். உடனே விளக்குக்காரர் வண்டியைப் பிரித்துப்போட்டு, அடிச்சட்டம்வரை நீலம் பூசி, திரும்பப் பூட்டினார். பார்க்கக் கண்ணைப் பறித்தது. ஆனால் அன்றிலிருந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. ஊருக்கெல்லாம் செல்ஃப் பார்க்கிறவரின் சொந்த வண்டி, சரிவு தேடி நின்று உருண்டு கிளம்பியது.

அப்போதுதான் ஒரு நாற்றுப்பண்ணையில் நிரந்தரமாகக் கன்று ஏற்றும் வேலை வந்தது. சமதரை, உருட்டிக் கிளப்பச் சரிவு கிடையாது. புகை கன்றுகளுக்கு ஆகாது, ஏற்றும்போது எஞ்சினை அணைத்தே ஆகவேண்டும்.

"திங்கக்கிழமை அங்க சாவியில கிளம்பலைன்னா, இதை எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பார்க்கலாங்க" என்றார் மனைவி. கோபமில்லாமல்தான் சொன்னார். விளக்குக்காரர் உடனே போய் பானெட்டைத் திறந்தார். தினமும் வீட்டுக்குப் போகுமுன் அந்த பானெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறவர் அவர்.

முன்விளக்கோ பளிச்சென்று எரிந்தது. மோட்டாரைக் கழற்றினார், மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தால் பம்பரமாகச் சுற்றியது. மாட்டினால் 'டக்'. புது சுவிட்ச் போட்டார். 'டக்'. சனிக்கிழமை மதியம் சோர்ந்துபோய்த் தானே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பத் தொடங்கினார். திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நின்ற மனைவி சட்டென்று கையை உதறினார்.

"ஏங்க, ஆக்சிலேட்டர் கம்பி சுடுது."

வெயிலில் சுடாமல் என்ன செய்யும் என்று முணுமுணுத்தவர் பாதியில் நிறுத்தினார். வாயிலிருந்த நட்டுகளைத் துப்பிவிட்டுக் குதித்து இறங்கினார். மோட்டாருக்குப் போன மின்சாரம் எஞ்சினிலிருந்து அடிச்சட்டத்துக்குத் திரும்பி வரவேண்டும். அதற்கென்று தடித்த எர்த் பட்டை ஒன்று உண்டு. அந்த வழி அடைபட்டதால் மின்சாரம் மெல்லிய கம்பி வழியாக முண்டியடித்துக்கொண்டிருந்தது. விளக்குக்குத் தனி எர்த். அது பாட்டுக்கு எரிந்தது.

வண்டிக்கு அடியில் புகுந்து பட்டையைக் கழற்றினார். அதற்குக் கீழே இரும்பே தெரியாமல், மின்சாரத்துக்கு வழியும் விடாமல், வழவழவென்று இரண்டு பூச்சு நீலம்.

குனிந்து பார்த்த மனைவி, தெரிந்துகொண்டே கேட்டார்: "இங்கெல்லாம் யாருங்க பூசினது?"

"ஒரு இடம் விடாம அழகா இருக்கட்டும்னு..." அசடு வழிந்தது. எனக்கு அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்ததுபோல் என்றைக்கும் பிடித்ததில்லை. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளத்த பிறகே வெளியே வந்தார்.

திங்கட்கிழமை பண்ணையின் செடிக் கூடாரத்துக்குக் கண்ணாடி கொண்டுபோக வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். சமதரையில் எஞ்சின் அணைந்தது. கண்ணாடியை இறக்கினோம், கன்றுகள் ஏறின, பின்கதவைச் சாத்தினார்கள். மனைவி சாவியைத் திருப்பினார். ஒரே உலுக்கலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. விளக்குக்காரர் ஒன்றும் நடக்காததுபோல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பண்ணைக்காரர் ஒதுங்கி நின்று, போகலாம் என்று கை காட்டினார். வண்டி நகரவில்லை. மனைவி எஞ்சினை அணைத்தார். கணவரைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டு, மறுபடியும் சாவியைத் திருப்பினார்.