ஊரறிந்த மனைவிகள்

கொடுத்ததைக் கொடுத்தபடி பிரதி எடுத்துத் தர வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் ஜெராக்ஸ் கடைக்காரனின் தொழில் தர்மம். பழவேற்காடு கடைத்தெருவில் அந்தக் கடையோடு ஆன்லைன் மனுக்களும் போட்டுத் தருகிறேன். ஒரு சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய உங்களுக்கு என் பிழைப்பு புரியும். இதில் கடைசியாக வருவது ஊர்த்தலைவர் ஒருவர் எனக்குச் சொன்னது. அதைப் பல வருடங்களாக என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. நம்பாமல் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம் என்பதும் தெரியவில்லை.

ஏரிக்குத் திரும்புமா?

கல்யாணத்தைப் பதிவு செய்ய ஒரு மீனவத் தம்பதி வந்தார்கள். மனைவிக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் கல்யாணத்தை ஊர்க்கூட்டத்தில், உறவு முறிந்ததற்கு அடையாளமாகத் துரும்பு கிள்ளிப் போட்டுத் தீர்த்திருந்தார்கள். கோர்ட் விவாகரத்து இல்லாததால் இந்தக் கல்யாணம் செல்லாது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமையைப் பாடு என்பார்கள். அவர்கள் ஊரில் கல்யாணம் ஆனவனுக்குத்தான் பாடு. புருஷன்காரர் என் மேஜையைத் தட்டினார்: "இவளக் கட்டின அப்புறம்தான் சார் எனக்குப் பாடே குடுத்தாங்க. இந்தக் கல்யாணம் செல்லாதுன்னா, இத்தினி வருசம் புடிச்ச எறாவ எல்லாம் திரும்ப ஏரில உட்டுடவா?"

ஆட்சேபணை

ஸ்டெல்லா ஞானஸ்நானம் பெற்றவள். புருஷன் இந்து. அம்மன் கோயிலில் தாலி கட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். அவன் வெளிநாட்டுப் படகு வேலைக்குப் போக, பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் சேர்க்கக் கல்யாணச் சான்றிதழ் வேண்டியிருந்தது. இந்து முறைக் கல்யாணம் செல்ல இருவருமே இந்துவாக இருக்க வேண்டுமாம். கலப்பு மணத்துக்கான தனிச் சட்டத்தில் இனிப் புதிதாகத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் அலுவலகச் சுவரில் ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டுவார்கள், யாருக்கும் ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றேன்.

அவன் தலை குனிந்துகொண்டான். ஸ்டெல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிச்சிட்டு வந்தா 'போடி உங்க அம்மா ஊட்டுக்கு'ன்னுவான். அப்பல்லாம் தாலி இருக்குதுன்னு பொறுத்துக்கினேன். அந்த ஆட்சேபணைய நானே சொல்லலாமா சார்?"

பிள்ளைகள் மட்டும்

ஏழுமலை முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். அவர் மனைவி தனம் வாரிசுச் சான்றிதழுக்கு வந்தாள். நான்தான் மனுப் போட்டேன். விசாரணையில் ஏழுமலையின் முதல் மனைவி சரோஜா மீஞ்சூரில் இருப்பது தெரிந்தது. சான்றிதழில் மனைவி என்று சரோஜா பெயர் வந்தது. தனத்தின் இரண்டு பிள்ளைகள் பெயரும் வந்தது. செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் பிள்ளைகள் வாரிசுதான். பெற்றவள்தான் இல்லை.

இதை எப்படிச் சொல்வது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனம் நான் சொல்லும் முன்பே எட்டிப் படித்துவிட்டாள். "புள்ளைங்க அவரோடதாம். அப்போ நான் இன்னாண்ணா, அவரு ஊட்ல வேலைக்கா இருந்தேன்?"

தலைவர் சொன்னது

தனம் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. ஊர் வழக்கப்படி, சரோஜாவும் சம்மதித்து முதல் கல்யாணம் தீர்க்கப்பட்டது என்று நிரூபித்தால் தனம் ஜெயிக்கலாம் என்கிறார் வக்கீல். அதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அந்தக் கல்யாணத்தைத் தீர்த்த கூட்டத்தை நடத்திய ஊர்த்தலைவர். கடைக்கு வரும்போதெல்லாம் சரோஜாவைப் பற்றி அவர் ஒரே மாதிரிச் சொல்வார்: "கூட்டத்து நடுவுல நின்னு, தன் கையாலயே துரும்பக் கிள்ளிப் போட்டு, எல்லாரையும் கும்பிட்டுட்டுப் போச்சுப்பா அந்தப் பொண்ணு."

அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் தனத்தின் முகத்தைப் பார்க்கும்போது வேண்டிக்கொள்வேன். சரோஜாவை நினைத்தால் வேண்டுதல் பாதியில் நின்றுவிடும். மனைவியாக இருந்தவளுக்கே தெரியாமல் அவளை விலக்கியிருந்தால், அந்தப் பொய்யின் மேல் இன்னொருத்தியை எப்படி மனைவியாக்குவது? ஒருத்திக்கு நியாயம் கிடைக்க இன்னொருத்தியின் வாயை அடைக்க வேண்டுமா?

போன வாரம் தலைவர் வந்தார். அதே கதை, அதே கும்பிடு. தொழில் தர்மத்தை மீறி, பல வருடமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டுவிட்டேன்: "உங்க ஊர்க் கூட்டத்துக்குள்ள பொம்பளைங்கள இன்னி வரைக்கும் விட்டதில்லையே தலைவரே, அன்னிக்கு அந்தத் துரும்ப யார் கை கிள்ளுச்சு?"