கில்பட் மாமாவின் பாதி வாசிப்பு

மாம்புரியில் எங்கள் சிறிய கத்தோலிக்கக் கோயிலுக்குப் பங்குச் சுவாமி இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். அவர் வராத ஞாயிறுகளில் வேதாகமம் வாசிப்பவர் கில்பட் மாமா. மீனவர். இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை. எட்டு வருடம் நாடு நாடாகத் திரிந்து எத்தனையோ பெரிய ஆலயங்களில் வாசிப்புக் கேட்டிருக்கிறேன். மாமாவுக்குக் கிட்டவும் யாரும் வரமாட்டார்கள்!

விரல்களை எடுத்தது டைனமைற். இருபத்திரண்டு வயதில், மீன் கூட்டத்தைக் கண்ட அவசரத்தில், எறியும் முன்பே வெடித்துவிட்டது. கடலுக்குப் போக முடியாத அந்த மாதங்களில்தான் எழுத்துக் கூட்டி வேதாகமம் படித்தார். தீர்க்கதரிசிகள் அவரைப் படாதபாடு படுத்தினார்கள். ஒரு பக்கத்தில் கடவுள் அழித்துவிடுவேன் என்கிறார். அடுத்த பக்கத்தில் பிள்ளையைப் போலத் தூக்கிச் சுமப்பேன் என்கிறார். "ஒரே வாய் எப்பிடிச் சுவாமி ரெண்டையும் சொல்லும்?" என்று பழைய சுவாமியோடு சண்டையே பிடித்தாராம். கடைசியில் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். முதலில் தீர்ப்பு. பிறகு புத்தகத்தை மூடி ஒரு மிடறு தண்ணீர். அதன் பிறகே ஆறுதல். அந்தத் தண்ணீர் இறங்கும்வரை கோயிலில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மீன் வியாபாரி ஜௌபர், கில்பட் மாமாவின் வீட்டு வேலியில் வந்து நின்றார்.

"அண்ண, ஒங்கட மகன்ட மீன இனி எனக்கு வாங்க ஏலா. வெட்டினா நடுமுள்ளு உடைஞ்சி, சதையெல்லாம் ரத்தம். வலையில பட்ட மீனில்ல அது, வெடியில செத்தது."

மகன் ஷெல்டனுக்கு இருபத்துநான்கு வயது. மாமா அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தகப்பனின் கையைப் பார்த்து, "நீங்க செய்யேல்லயா?" என்றது பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

மறுநாள் மாமா எடுத்தது ஓசேயா தீர்க்கதரிசியை. மனிதர் செய்யும் பாவத்தால் நிலம் வாடுகிறது, கடல் மீன்கள்கூட இல்லாமல் போகின்றன என்று வாசித்தார். கோயில் முழுவதும் திரும்பிக் கடைசி வாங்கில் இருந்த ஷெல்டனைப் பார்த்தது. மாமா புத்தகத்தை மூடித் தண்ணீரை எடுத்தார். ஷெல்டன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கிளாஸ் உதட்டோடு நின்றது. மாமா குடிக்கவில்லை. அதை வைத்துவிட்டுப் புத்தகத்தோடு ஓடத் தொடங்கினார்! நாங்களும் செருப்பில்லாமல் சுடுமணலில் பின்னால் ஓடினோம்.

கரையில் நின்ற ஜௌபர், "என்னண்ண, கோயில கடலுக்கே கொண்டுவந்திட்டீங்க!" என்றார்.

ஷெல்டன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். மாமா உடுத்த சாரம் நனையக் கடலில் இறங்கினார். "நில்லடா! இன்னும் முடியேல்ல."

"போதும் அப்பா. ஊரே என்னைப் பாத்தாச்சு."

"பாதியக் கேட்டிட்டுப் போனா அது பொய்யடா!"

காற்று தாள்களை அடித்துப் புரட்டியது. இடக்கையில் மிஞ்சிய இரண்டு விரல்களால் புத்தகத்தைப் பிடிக்க முடியாமல் மாமா தடுமாறினார். ஷெல்டன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "தாங்க இஞ்ச," என்று வந்து மற்றப் பக்கத்தை அழுத்திப் பிடித்தான்.

மாமா வாசித்தார். உன்னை எப்படிக் கைவிடுவேன், என் நெஞ்சே அதற்கு இடந்தரவில்லையே என்று கடவுள் புலம்பும் இடம். அங்கே குரல் உடைந்தது. அடுத்த வரியை ஷெல்டன்தான் வாசித்தான்: கோபம் இருந்தாலும் அழிக்கமாட்டேன் என்ற வரி.

அவன் புத்தகத்தை மூடினான். "வெடிச் சாமான் படகில கிடக்கு. பொலிசில போய்ச் சொல்லப்போறன். நீங்களும் வாங்க, அப்பா."

யாரோ "ஐயோ" என்றார்கள்.

"வாறன்," என்றார் மாமா.

ஜௌபர் தன் சின்ன லொறியின் கதவைத் திறந்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க. அந்தச் சாமான மட்டும் ஏத்தவேணாம், எனக்கு அஞ்சு புள்ள இருக்கு. பொலிசே வந்து எடுக்கட்டும்."

ஷெல்டன் ஏறி உட்கார்ந்தான். "மறியல்ல அடைச்சுப் போட்டா?"

"கிழமைக்கு ஒருக்கா வருவன். புத்தகத்தோட."

"புத்தகம் வேணாம் அப்பா. சோறு கொண்டாங்க."