உச்சந்தலைப் புண்

கல்யாணமாகி, பசறையிலிருந்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நான் வந்த முதல் வருஷம் அது. தொண்ணூறுகளின் கடைசி. ஆடி மாதத்து வெயிலில் மலையே காய்ந்து கிடந்தது. நாளெல்லாம் கொழுந்து எடுத்ததில், தலையில் மாட்டிய கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் வியர்வை ஊறி உச்சந்தலையெல்லாம் கொப்புளமாகிவிட்டது. சீப்பு வைத்தால் கண்ணீர் வரும். முடி கொத்தாகக் கையோடு வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, தினமும் தலையைக் கழுவச் சொன்னார்கள். வேலை விட்டு வந்தால் எனக்குக் கையைத் தூக்கவே முடியாது.

"முடியை வெட்டிடுறேங்க," என்று என் கணவரிடம் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் இரண்டு வாளித் தண்ணீரோடு என்னை வாசலில் உட்கார வைத்தார். செம்பருத்தி இலையைக் கசக்கி, நகம் படாமல் விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தார். பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னடா, பொண்டாட்டிக்குத் தலை கழுவி விடுறியா?"

"ஆமாண்ணே. கூடையைச் சுமக்கிறது அவ தலைதானே," என்றார், கையை எடுக்காமல்.

வெட்கத்தில் நான் நிமிரவே இல்லை. மூன்று வாரம், ஒரு நாள் விடாமல் கழுவிவிட்டார். புண் ஆறியது. ஐப்பசி மழை தொடங்கியபோது புது முடி முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. ஒரு காலையில் அதைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"நீங்க இல்லன்னா இந்நேரம் நான் மொட்டைதான்."

"மொட்டையா இருந்தாலும் நீ அழகுதான்," என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார்.