நேற்றைவிடப் பெரிய ஆறு

ஏழுமலை அண்ணனின் இங்கிலீஷைக் கேட்டு முதலில் சிரித்தவன் நான்தான். இலங்கையின் கித்துல்கலவில் வெள்ளைக்காரர்களை ரப்பர் போட்டில் ஏற்றி ஆற்றில் கூட்டிப்போகும் கம்பெனி ஒன்றில் அவர் போட் ஓட்டினார். நான் மஷூர், அதே இடத்தில் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறவன்.

அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மனிதர். நாற்பது வயதில் இந்த வேலைக்கு வந்து, மகள் கிருஷ்ணகுமாரியின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்தார். பிக், பிக்கர், பிக்கெஸ்ட் என்று மூன்று வரிசையாகப் போகும் பக்கம். அதில் மூன்றாவது வரிசையைப் பேனாவால் அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். ‘பிக்கர்’ சொல்ல இரண்டைப் பார்த்திருந்தால் போதும், ‘பிக்கெஸ்ட்’ சொல்ல எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும், நான் எங்கே பார்த்தேன் என்றார். வருகிறவர்களிடமெல்லாம் ‘பெஸ்ட், பெஸ்ட்’ என்று அளக்கிறவன் நான். எனக்கு எரிச்சலாக வந்தது.

தினமும் காலையில் கரைப் பாறையில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு வந்தவர்களிடம் ‘டுடே பிக்கர்’ என்பார், இல்லாவிட்டால் ‘டுடே ஸ்லோவர்’ என்பார். அவ்வளவுதான் அவருடைய பாஷை. அதற்கே அவரைத்தான் தேடி வருவார்கள்.

போன மே மாதம் இரண்டு நாள் விடாத மழை. பாறையே தெரியவில்லை. எட்டுப் பேர் புக் பண்ணிவிட்டு வந்து நின்றார்கள். மேனேஜர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, நேற்று மாதிரிதான் இருக்கிறது என்று சொல், முடியாவிட்டால் நாளைக்கு வராதே என்று சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எட்டுப் பேரில் ஒரு பெண் நேரே அண்ணனிடம் வந்து, போகலாமா என்று கேட்டாள். அவர் ஆற்றைக் காட்டினார்.

“யெஸ்டர்டே சேஃபர், மேடம். டுடே ரிவர் ஸ்ட்ராங்கர் தன் மீ.”

நேற்று பரவாயில்லை, இன்றைக்கு ஆறு என்னைவிடப் பலசாலி. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? எட்டுப் பேரும் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். சாயங்காலமே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் தோட்டத்துப் பக்கம் போனேன். பழையபடி கத்தியும் வாளியுமாக மரத்தடியில் நின்றார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், உயிருக்குப் பயமில்லாத வேலை, இதுதானே அண்ணே நல்லது என்று உளறிவைத்தேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“ரெண்டு வேலையும் செஞ்சி பாத்துட்டேன், மஷூர். அதனால சொல்லலாம். ஆறுதான் பெட்டர்.”