ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வண்டும்

கம்ப்யூட்டருக்குப் பல ஆயிரம் செலவழித்து நல்ல ஸ்பீக்கரும் தனி சவுண்டு கார்டும் வாங்கினால் போட்ட காசுக்குத் தகுமா என்று என் மகன் ஒரு வாரமாக யூடியூபில் ஆராய்ச்சி செய்கிறான். என்னைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்: சொந்தக்காரன் வீட்டில் அது இல்லாதவரை தகும். இந்த ஞானம் எனக்கு ஏழாம் வகுப்பில், கள்ளக்குறிச்சி மாமா வீட்டில் வாய்த்தது.

எங்கள் வீடு தியாகதுருகத்தில். அப்பா அரிசி மில்லில் மிஷின் ஓட்டினார். மூடப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து அவர் தூக்கி வந்த கம்ப்யூட்டருக்கு இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். யார் பாடினாலும் ஜலதோஷத்தோடு பாடுவார்கள். எனக்கு அதுவே தேவகானமாகத்தான் இருந்தது. அம்மாவின் அண்ணன், உரக்கடை மாமா, தன் மகனுக்கு ஐந்து ஸ்பீக்கரும் தரை அதிர இடிக்கும் ஒரு வூஃபரும் புது சவுண்டு கார்டும் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா மகனும் ஏழாம் வகுப்புதான். கணக்கில் என்னைவிட மட்டம். ஆண்டவன் மார்க் ஷீட் பார்த்துக் கொடுப்பதில்லை போலும்.

"நானும் கேட்டுப் பாக்குறேன். நல்லா இருந்தா நம்ப வூட்டுக்கும் வாங்கிடலாம்" என்றார் அப்பா. அந்த வாக்கை நம்பி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம்.

அந்த ஸ்பீக்கர்களின் முழு மகிமையை உணர, அறையின் நட்டநடுவில் போட்ட ஒற்றை நாற்காலியில் உட்கார வேண்டுமாம். வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கும்போது அதில் வேறு யார் உட்கார முடியும்? அத்தை துடைத்துவிட்ட நாற்காலியில் அப்பா அமர்த்தப்பட்டார். நான் கதவோரம் நின்றேன். மாமா மகன் மவுசின் மேல் கைவைத்தபடி என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கே அவனை அடித்திருக்கலாம்.

"கண்ண மூடிக்குங்க மாப்ள. ஒரு வண்டு வரும். உங்க தலையச் சுத்திக்கினே இருக்கும். அது போற பக்கம் வெரலக் காட்டுங்க" என்றார் மாமா.

ஸ்பீக்கரிலிருந்து வண்டு ரீங்கரித்தபடி வந்தது. கதவோரம் நின்ற எனக்கே பிடரி கூசியது. அப்பாவின் விரல் முன்னால் நீண்டு, வலப்பக்கம் போய், முதுகுப்புறம் வளைந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னா மாப்ள, வண்டு எங்க?"

"பின்னாடி வந்து செத்துப்போச்சு மச்சான்."

எல்லோரும் சிரித்தோம். மாமா மறுபடி போடச் சொன்னார். வண்டு அதே இடத்தில் மறுபடியும் செத்தது.

"எடது பக்கம் ரெண்டு டப்பாவும் பாடவே இல்லியே மச்சான்."

மாமா வயர்களைப் பிடுங்கிச் செருகினார். இடப்பக்கத்து ஸ்பீக்கர்களை வலப்பக்கமும், வலப்பக்கத்தில் இருந்தவற்றை இடப்பக்கமும் மாற்றி வைத்தார். இப்போது அப்பா, இவ்வளவு நேரம் பாடியவை ஓய்ந்துபோய், ஓய்ந்திருந்தவை பாடுகின்றன என்றார்.

"எங்களுக்குலாம் கேக்குதே மாமா!" அப்பாவிடம் சொன்ன மாமா மகனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அஞ்சுக்குத் துட்ட குடுத்துட்டு மூணத் தூக்கிக்கினு வந்துக்கிறாரு" என்றாள் அத்தை. "யூரியா மூட்டைய எண்ணத் தெரிஞ்சா போதுமா?" மாமா ஸ்பீக்கர்களை வெறித்தார்.

ஐந்தும் வாய்விட்டுப் பாடியதை நான் கேட்டேன். ஆகவே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது: அப்பாவுக்கும் வயிறு எரிகிறது. ஒரே பொய்யில் மாமாவின் பெருமையைச் சாய்த்துவிட்டார். இனி எங்கள் வீட்டுக்கு ஸ்பீக்கர் வரப்போவதில்லை. போகட்டும், மாமா மகனுக்கும் அது இனிக்காது. இவ்வளவு தேர்ந்த பொறாமைக்காரருக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்கிறோமே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அம்மா மட்டும் ஸ்பீக்கர் மாற்றியபோதே சிரிப்பை நிறுத்திவிட்டாள். அண்ணனை அவமானப்படுத்திய கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கம் அப்பா, அவரை அடுத்து நான். கொஞ்ச தூரம் போனதும் அம்மா தாழ்ந்த குரலில், "மில்லுல மிஷினு உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்டாள். அப்பா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் கேட்டாள். அப்பா கொட்டாவி விட்டார்.

அம்மா எழுந்து என்னை ஜன்னலோரத்துக்குத் தள்ளிவிட்டு, என் இடத்தில், அப்பாவின் வலப்பக்கம், வந்து உட்கார்ந்தாள். அதே குரலில் அதையே கேட்டாள்.

"எடது பக்கந்தான். இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார் அப்பா சட்டென்று.

அம்மா ஊர் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் குடும்பத்தில் பஸ்ஸில் யாரும் யார் கையையும் பிடித்ததில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா சொன்ன அந்த அற்புதமான பொய்யை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு, ஜன்னல் காற்றில் உட்கார்ந்திருந்தேன்.