தறி நின்ற இடத்தில் ஒரு சுரம்

செவ்வாய்க்கிழமை காலை களம்பூரிலிருந்து டிரம்ஸ் அன்பு போன் செய்தான். அரிசி ஆலை இரைச்சலுக்கு நடுவே, "நம்ம சேகரன் சார் போய்ட்டாரு சார். தூக்கத்துலயே" என்றான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் இயற்பியல் படித்திருப்பீர்கள். நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். காலை வணக்கப் பாட்டுக்கு அவர்தான் ஹார்மோனியம். ஒருநாள் அதில் தமக்குப் பிடித்த பிரேசில் நாட்டு இசையான போஸா நோவாவின் தாளத்தை மெல்ல நுழைத்துவிட்டார். தலைமையாசிரியருக்குக் கோபம். "இன்னா சார் இது, பசங்க சாமி பாட்டுக்கு ஆடிகினு நிக்கிறானுங்க?"

"தூங்கிகினு நிக்கிறதுக்கு இது தேவலைங்களே சார்."

அது என்ன தாளம் என்று ஒருமுறை கேட்டேன். தேவிகாபுரம் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றிருந்தோம். "பஸ்ஸுக்கு ஓடறவன் நடை வேற. அடுத்த பஸ் இருக்குதுன்னு தெரிஞ்சவன் நடை வேற. இது ரெண்டாவது" என்றார். இதைவிட நல்ல உதாரணத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை.

ஓய்வுபெற்றதும் வேலூரில் ஒரு தேவாலயம் கழித்துவிட்ட பழைய மின் ஆர்கனை வாங்கிவந்தார். அதில் ஜாஸ் வாசித்து, யாரும் பாடாமல் வாத்திய இசையாகவே ஓர் ஆல்பம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அவர் தெரு முழுக்கப் பவர்லூம். எத்தனை முறை பதிவு செய்தாலும் தறிச் சத்தம் இசையை விழுங்கிவிடும். ஆர்கனை ஸ்டூடியோவுக்கு ஏற்றிப் போனால் வேன் குலுக்கலிலேயே செத்துவிடும் என்று பழுதுபார்ப்பவர் சொல்லிவிட்டார். ஆகவே பராமரிப்புக்காக நாள் முழுதும் கரண்டை நிறுத்தும் ஷட்டவுன் நாளுக்குக் காத்திருந்தோம். அன்று ஆர்கன் இன்வெர்ட்டரில் ஓடும்.

அந்த நாளும் வந்தது. பவர்லூம்கள் அடங்கின. அப்போதுதான் கேட்டது, பக்கத்து வீட்டு அலமேலு அம்மாவின் கைத்தறி. அதற்குக் கரண்டே வேண்டாம் என்பதை இயற்பியலும் மறந்திருந்தது, கணக்கும் மறந்திருந்தது.

இருவரும் ஓடினோம். "போளூர் கல்யாணப் பொடவை சார். உங்க பாட்டுக்காக முகூர்த்தம் நிக்குமா?" என்றார் அலமேலு அம்மா, தறியை விட்டு இறங்காமல்.

"நிக்காதும்மா. நீங்க நெய்ங்க. நாங்க உங்களோட வாசிக்கிறோம்" என்றார் சேகரன்.

திரும்பி வந்ததும், டிரம்ஸ் முன் உட்கார்ந்திருந்த அன்பு தலையில் அடித்துக்கொண்டான். "பேட்டரி எறங்கிகினு இருக்குது சார்!" சேகரன் ஜன்னலைத் திறந்துவைத்தார். தறியின் ஓட்டத்துக்கு ஆர்கன் தன் நடையை மாற்றிக்கொண்டது. பாதிப் பாட்டில் தறி சட்டென்று நின்றது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்து, அலமேலு அம்மா நூல் சுற்றிய வேறு தார் மாட்டிக்கொண்டிருந்தார். சேகரன் ஒரே சுரத்தை அழுத்தியபடி, சிரித்துக்கொண்டே காத்திருந்தார். தறி மறுபடி தட்டியதும் டிரம்ஸும் அதோடு சேர்ந்தது. இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியபோது கடைசிப் பாட்டும் முடிந்திருந்தது. "ஷட்டவுன்" என்றே ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார். அட்டையில் தறி வாசித்தவர் என்று அலமேலு அம்மாவின் பெயரும் உண்டு.

துக்க வீட்டில் அன்பு அதைப் போட்டான். தறி நிற்கும் இடம் வந்ததும், மூலையில் உட்கார்ந்திருந்த அலமேலு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, தார் மாத்திகினு இருக்கிறேன்" என்றார். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அவருடைய ஆர்கன் யாருக்கோ போகும். எனக்கு அந்த ஒற்றைச் சுரம் போதும். இப்போது பஸ்ஸைத் தவறவிட்டால் நான் ஓடுவதில்லை. அதை முணுமுணுத்தபடி நிற்கிறேன்.