சொர்ணவல்லி பக்கத்துக் கதவு

போன ஆவணியில் என் மருமகள் சொர்ணவல்லி, எங்கள் காரின் முன் சீட்டில் இனி உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மீமிசலில் அவளுடைய அண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். கூடப்பிறந்தவள் புருஷனோடு காரில் போய் இறங்க வேண்டிய வீட்டுக்கு, பஸ்ஸில் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள். அப்படி அவள் போயிருந்தால் அந்த ஊர் என்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் கருவாட்டு வியாபாரி வீட்டுப் பெண். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே நெத்திலியா வாளையா என்று மூக்கால் சொல்லுவாள். எங்களுக்குக் கீரமங்கலம் பக்கம், பூக்காடு. கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பூக் கட்டத் தெரியாது. என் மகள் விரல் தெரியாமல் கட்டுவதைப் பார்த்து வயிறெரிந்தாள். எரிந்துகொண்டே உட்கார்ந்து பழகினாள். அடுத்த பொங்கலுக்குள் என் மகளைத் தாண்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் மொபட் ஓட்டினாள், இவளும் ஓட்டினாள். ஓரகத்தி மகள் காலேஜுக்குப் போனாள், இவள் தன் மகள் காவ்யாவைத் திருச்சிக்கே அனுப்பிவிட்டாள். அவளுக்குப் பொறாமைதான் வாத்தியார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவள் பொறாமைப்பட்டதில் எங்கள் வீட்டுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது.

என் மகன் திருப்பதி குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தவன். திரும்பி வந்ததும் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். பழசு என்றாலும் ரிமோட் உண்டு. அமுக்கினால் நான்கு கதவும் ஒன்றாக 'டக்' என்று பூட்டும், 'டக்' என்று திறக்கும். சென்ட்ரல் லாக் என்பார்கள். வண்டி வந்த அன்றே சொர்ணம் முன்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அது அவள் சீட்டு என்று ஆகிவிட்டது. எனக்குப் பின் சீட்டு. வெள்ளிக்கிழமை தோறும் அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு மல்லிகைச் சரம் சுற்றி, காற்றில் பறக்காமலிருக்க அதன் முனையைக் கதவின் உள்பக்கம் கட்டிக் குங்குமம் வைப்பாள். வண்டிக்குத் திருஷ்டி படக்கூடாதாம்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் மூன்று டீச்சர்கள் சேர்ந்து காரை மாசத்துக்குப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வேலை பார்க்கிற ஊருக்குக் காலை பஸ் நின்றுபோயிருந்தது. இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்தார்கள். அருணா என்கிற டீச்சர் மட்டும், பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று முன்னால் ஏறிக்கொண்டது. கூலிக்கு ஓடும் வண்டியில் யார் எங்கே உட்கார்ந்தால் என்ன என்றுதான் சொர்ணமும் முதலில் சொன்னாள். பிறகுதான் லாக் கெட்டது.

ரிமோட்டை அமுக்கினால் மூன்று கதவு திறக்கும். அந்த இடது முன் கதவு மட்டும் திறக்காது. உள்ளேயிருந்து தூக்கிவிடலாம் என்றால் அதன் பட்டன் எப்போதோ உடைந்து மொட்டையாக இருந்தது. ஒரே வழி, வெளியிலிருந்து சாவி போட வேண்டும். டீச்சர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என் மகன் என்ஜினை நிறுத்தி, சாவியை உருவி, வண்டியைச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அதுவும் பஸ் ஸ்டாண்டில், டீக்கடைக்கு எதிரில்.

பூ மார்க்கெட்டில் சொர்ணத்துக்குப் பக்கத்தில் கடை போடுகிறவள் முனியாயி. வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி சொர்ணம், ஒம் புருசன் எப்ப இருந்து டீச்சருக்குக் கதவு தொறக்குற உத்தியோகத்துல சேந்தாரு?"

"லாக்கு ரிப்பேரு. அதான்."

"சுத்தி வந்து, சாவியப் போட்டு, தொறந்து, பிடிச்சுக்கிட்டு வேற நிக்கிறாருடி. அந்தம்மா சேலையை ஒரு கையில சுருட்டிக்கிட்டு எறங்குது. கலெக்டரு வந்து எறங்குனாக்கூட இந்த மரியாதை இருக்காது."

"ரிப்பேருன்னு சொல்றேன்ல."

"ஆமாமா. நீ ஏறுறப்ப என்னைக்காச்சும் அந்த ரிப்பேரு வந்திருக்கா?"

அன்று சொர்ணம் பூவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்துவிட்டாள். வந்தவள் வாசலில் நின்ற காரில் அந்தக் கதவைச் சாவி போட்டுத் திறந்து தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் போய் முன்னால் இடித்தது. டீச்சர் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருந்தது. சொர்ணம் நெடுநெடுவென்று இருப்பவள். இறங்கி வந்து கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"அந்த டீச்சருக்குக் கை கெடையாதா?" என்றாள் என் மகனிடம்.

"கை இருக்குடி. கதவுலதான் பட்டன் இல்ல."

"பின்னாடி உக்காரச் சொல்றது?"

"பின்னாடி உக்காந்தா அதுக்கு வாந்தி வருது."

"எனக்கும் வரும்."

"ஒனக்கு எப்ப வந்துச்சு?"

"இனிமே வரும்."

அவன் சிரித்தான். அவன் சிரித்ததுதான் தப்பு. அன்றைக்குத்தான் சொன்னாள், அந்தக் கதவு சரியாகிற வரைக்கும் முன்னாலும் ஏறமாட்டேன், மீமிசலுக்கும் உங்களோடு வரமாட்டேன் என்று.

திருப்பதி ஒன்றும் செய்யாமலில்லை. கீரமங்கலத்தில் கார் கரண்டு வேலை பார்க்கிற ஞானமணியிடம் கொண்டுபோனான். ஞானமணி ஃபியூஸ் மாற்றினான். கடையில் அமுக்கிப் பார்த்தால் வேலை செய்தது. வீட்டுக்கு வந்தால் செய்யவில்லை. மறுபடி போனான். கதவுக்குள் இருக்கிற சின்ன மோட்டார் போய்விட்டது என்று வேறு மோட்டார் போட்டான். கடையில் 'டக்', 'டக்' என்று துள்ளியது. மறுநாள் காலையில் டீச்சர் ஏறும்போது செத்துக் கிடந்தது.

"பாத்தீங்களா அத்தை" என்றாள் சொர்ணம் என்னிடம். "கடையில வேலை செய்யிதாம். டீச்சரம்மா ஏறுனா மட்டும் செய்யாதாம். வண்டிக்குக்கூட ஆளு தெரியுது."

"வண்டிக்கு என்னத்தா தெரியும்?"

"வண்டிக்குத் தெரியலைன்னா ஓட்டுறவருக்குத் தெரியுது. சரி பண்ணாதன்னு அந்த ஞானமணிகிட்ட இவரே சொல்லியிருப்பாரு."

என் மகன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பெற்று வளர்த்த எனக்கு அவன் ஒருநாளும் கதவைத் திறந்துவிட்டதில்லை. மூட்டுவலியோடு நானே ஏறி நானே இறங்குகிறேன். அதனால் நான் அவன் பக்கம் பேசவில்லை. ஞானமணி கடைக்கு நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன்.

போனோம். சொர்ணம் என்னோடு பின் சீட்டில் வந்தாள்.

ஞானமணி கதவை அகலத் திறந்துவைத்து ரிமோட்டை அமுக்கினான். 'டக்'.

"பாத்துக்கங்கக்கா. நல்லாத்தான் இருக்கு. ஒங்க வீட்டுக்காரரு சும்மா என் பேரைக் கெடுக்குறாரு."

"கதவைச் சாத்து" என்றாள் சொர்ணம்.

"எதுக்கு?"

"டீச்சரம்மா கதவைத் தொறந்து போட்டுக்கிட்டா போவுது? சாத்திட்டு அமுக்கு."

சாத்திவிட்டு அமுக்கினான். மற்ற மூன்றும் பேசின. அந்தக் கதவு பேசவில்லை. திறந்தான், அமுக்கினான், வேலை செய்தது. சாத்தினான், செய்யவில்லை. ஞானமணி தலையைச் சொறிந்தான்.

"கதவு தொறந்திருக்கயில கரண்டு போகுது. சாத்துனா விட்டுப்போகுது. அப்ப வயருதான். சாத்துற அதிர்ச்சியில தொட்டுச்சுன்னா பூட்டிக்கிரும், அப்புறம் தொறக்கக் கரண்டு இருக்காது."

"அப்ப மோட்டாரை எதுக்குய்யா மாத்துன?" என்றான் என் மகன்.

"கடையில கதவைச் சாத்திப் பாக்கணும்னு யாருண்ணே நெனைக்கிறா?"

வண்டியிலிருந்து கதவுக்குள் போகிற வயர்கள் எல்லாம் கீல் பக்கத்தில் கைவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகின்றன. ஞானமணி குனிந்து அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றான். கையை வைக்கவில்லை.

"என்னய்யா?"

"அங்கனதான் சாமிக் கட்டு இருக்கேண்ணே. போன தடவையே பாத்தேன். எந்தக் கோயில்ல கட்டுனதோ, குங்குமம்லாம் வச்சிருக்கு. நான் எப்பிடிக் கை வைக்கிறது? அதான் அந்தப் பக்கமே போகாம மத்ததையெல்லாம் பாத்தேன்."

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ரப்பர் குழாயைச் சுற்றி வாழைநார், கட்டின் மேல் கட்டு. பூ உதிர்ந்துபோய் நார் மட்டும் காய்ந்து இறுகி, குழாயின் இடுப்பை ஒடித்திருந்தது. சரத்தின் முனையைக் கட்ட அந்த இடத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் சொர்ணம் வாராவாரம் அந்தக் குழாயில்தான் கட்டியிருக்கிறாள். பழைய கட்டை அவிழ்ப்பதில்லை, சாமிக்குப் போட்டதாயிற்றே. கதவு திறந்து மூடும்போதெல்லாம் வயர் அந்த ஒரே இடத்தில் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்துபோயிருந்தது.

"இது கோயில்ல கட்டுனது இல்லப்பா" என்றான் திருப்பதி. "எங்க வீட்ல கட்டுனது."

சொர்ணம் ஞானமணியிடமிருந்து கத்தியை வாங்கினாள். ஒவ்வொரு கட்டாகத் தானே அறுத்தாள். அறுத்த நாரைக் கீழே போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஞானமணி குழாயைப் பிதுக்கி, அறுந்த வயரை ஒட்டி, டேப் சுற்றினான். கதவைச் சாத்திவிட்டு அமுக்கினான். 'டக்'. நான்கும் ஒன்றாகத் திறந்தன.

திருப்பதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ போட்ட கட்டுக்குத்தாண்டி நான் பஸ் ஸ்டாண்டுல எறங்கி எறங்கி ஏறுனேன். ஊரே சிரிச்சுச்சு. என்னையில்ல திட்டுன?"

வேறொருத்தியாக இருந்தால் அதோடு தலை குனிந்திருப்பாள். சொர்ணம் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கட்டுனது நானுதான். யாரு இல்லைன்னா? எறங்குனது யாரு?"

"கதவு தொறக்கலைன்னா எறங்காம என்னடி பண்ணுறது?"

"சாவியை அவுங்க கையில குடுத்தா அவுங்களே தொறந்துக்கிட மாட்டாகளா? பிடிச்சுக்கிட்டு எதுக்கு நின்னீங்க?"

ஞானமணி எதையோ தேடுகிறவன் போல் கடைக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலையில் சொர்ணம் பூக்கூடையோடு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றிருக்கிறாள், பார்ப்பதற்கென்றே. கதவு தானாகத் திறந்ததும் அருணா டீச்சருக்குச் சந்தோஷமாம். "அப்பாடா, இனிமே அண்ணனை எறக்கி ஏத்த வேணாம். எனக்கே கூச்சமா இருந்துச்சு" என்று சொல்லி, சொர்ணத்திடம் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டதாம். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னாள்.

"பெறகென்னத்தா. அண்ணேன்னு கூப்புடுது. நல்ல புள்ள."

"நல்ல புள்ளதான் அத்தை. நான் எங்க இல்லைன்னேன்?" என்றாள். "அந்த நல்ல புள்ளைக்குக் கெடைச்சது எனக்குக் கெடைக்கல. அதைத்தான் சொல்றேன்."

அவள் சொன்னது நியாயம்.

ஆனாலும் சொன்ன சொல் சொல்தான், கதவு சரியாகிவிட்டது. பால் காய்ச்சுகிற அன்று விடிந்ததும் பட்டுச்சேலை கட்டி முன் சீட்டில் ஏறினாள். முதல் வேலையாகச் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினாள். பின்னால் உட்கார்ந்திருந்த என் முழங்கால் நசுங்கியது. நான் காலை ஒருக்களித்துக்கொண்டேன். ஆவுடையார்கோவில் தாண்டி, கடல் காற்றும் கருவாட்டு வாசமும் வந்த பிறகுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வீட்டு வாசலில் பந்தல். அவள் அண்ணன், அண்ணி, சொந்தக்காரர்கள் எல்லாரும் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார்கள். திருப்பதி என்ஜினை நிறுத்தினான். ரிமோட்டை அமுக்கினான். 'டக்'.

"எறங்கு" என்றான்.

சொர்ணம் மடியில் இருந்த தாம்பாளத்தைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்துருச்சுடி."

"காதுல விழுந்துச்சு."

அவன் இறங்கினான். டிக்கியைத் திறந்து பழக்குலையையும் குத்துவிளக்குப் பெட்டியையும் எடுத்து வெளியே வைத்தான். நிமிர்ந்து பார்த்தான். அவள் அசையவில்லை. அண்ணன்காரர் இரண்டு எட்டு முன்னால் வந்து, "என்ன மாப்ள, கதவு ரிப்பேரா?" என்றார்.

என் மகன் என்னைப் பார்த்தான். நான் பந்தலில் கட்டியிருந்த வாழையைப் பார்த்தேன். நல்ல தார்.

"ஆமா மச்சான். பழைய வண்டில்ல" என்றான். வண்டியைச் சுற்றி வந்தான். கதவைத் திறந்தான். திறந்ததோடு போகாமல், கதவின் மேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சொர்ணம் தாம்பாளத்தை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் சேலைக் கொசுவத்தைச் சுருட்டிப் பிடித்து, அவசரமே இல்லாமல் இறங்கினாள். அவள் அண்ணி பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பொறாமை எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். சொர்ணத்துக்கும் தெரிந்தது. அன்று முழுக்க அவள் நடையே வேறு.

அவர்கள் இரண்டு பேரும் பந்தல் வரைக்கும் போய்விட்டார்கள். அப்புறம்தான் அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஆத்தா, நீ எறங்கலையா?"

"கதவு சாத்தியிருக்கேப்பா" என்றேன்.